கேமன் வாங்க ஆசை, நெட்ல படிச்சுப் படிச்சே பயம் வந்துருச்சு

பிறை_பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு பக்கம் பிறையில இருக்கேன், ஃபேக்டரியில டெக்னீஷியன் வேலை. பள்ளிக்கூடம் போற வயசுல இருந்தே போர்ஷ காடின்னா எனக்கு உயிரு. இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்) ஒருத்தர் 2010 போர்ஷ கேமன் விக்கிறார், 2.9 லிட்டர், பிடிகே கியர் (ரெட்டை கிளச் ஆட்டோ), அவர் ரெண்டாவது ஓனர். போய்ப் பாத்தேன், ஃபெடரல் ஹைவேயில கொஞ்ச தூரம் ஓட்டவும் விட்டாரு, இறங்கவே மனசு வரல.

வீட்டுக்கு வந்து நெட்ல தேட ஆரம்பிச்சதுல இருந்துதான் தூக்கம் போச்சு. ஐஎம்எஸ் பேரிங் உடைஞ்சா எஞ்சினே போயிரும்ங்கிறான் ஒருத்தன், சிலிண்டர் சுவத்துல கோடு விழும்ங்கிறான் இன்னொருத்தன், பிடிகே கெட்டுப்போச்சுன்னா அந்தக் காசுக்கு நம்ம ஊரு சின்ன காடி மைவி ஒண்ணு வாங்கிரலாம்னு வேற எழுதியிருக்கான். ஒரு வீடியோ பாத்தா அதே மாதிரி பத்து வந்து நிக்குது. வைஃப் "ஆசைப்பட்டதுதானே, வாங்குங்க"ங்குது, அப்பா "அந்தக் காச வீட்டு லோன்ல போடுடா"ங்கிறார். பாதிக்கு மேல காசு சேத்து வச்சிருக்கேன், மீதிதான் லோன். வாங்கலாமா, விட்டுரலாமா? வச்சிருக்கறவங்க சொல்லுங்க.

பூச்சோங்_ஃப்ளாட்சிக்ஸ்:

தம்பி, நீ ராத்திரி முழுக்க பயந்த ஐஎம்எஸ் பேரிங் நீ பாத்த காடியில கிடையவே கிடையாது.

அது பழைய எம்96, எம்97 எஞ்சின் கதை. 90 கடைசியில வந்த முதல் பாக்ஸ்டர், 996 நைன் இலெவன் இதுல எல்லாம் ஆரம்பிச்சு 2008 கேமன் வரைக்கும் வந்த எஞ்சின். கேம்ஷாஃப்ட்ட சுத்த வைக்க எஞ்சினுக்குள்ள ஒரு இடைஷாஃப்ட் போகும், அதோட ஒரு முனைய தாங்கற பேரிங்தான் அது. சீல் கெட்டு உள்ள இருக்கிற கிரீஸ் போயி, தேஞ்சு உடைஞ்சா டைமிங் தப்பி வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், எஞ்சின் போச்சுன்னு சொல்றது இதைத்தான். அதுலயும் எல்லா வருஷமும் ஒண்ணு இல்ல. அமெரிக்காவுல கேஸ் நடந்தப்ப வெளிய வந்த கணக்குப்படி 2000 வாக்குல இருந்து 2005 வரைக்கும் போட்ட ஒத்தை வரிசை பேரிங்ல நூத்துக்கு 8ல இருந்து 10 போயிருக்கு, அதுக்கு முன்ன வந்த ரெட்டை வரிசையில நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. அப்புறம் பெரிய பேரிங்கா போட்டாங்க, அது போறது ரொம்பக் குறைவு. 2009 மாடலுக்குப் புது எஞ்சின் வந்தப்ப அந்த ஷாஃப்டையே எடுத்துட்டாங்க. நீ பாத்தது 2010.

சிலிண்டர்ல கோடு விழறது பொய் இல்ல, நடக்கும். ஆனா அதிகமா அடிபடறது எம்97ல பெரிய எஞ்சின்ங்க, 3.4, 3.6, 3.8. உன் 2.9ல அதைக் கேள்விப்படறது அபூர்வம். எழுதறவங்கள்ல நிறைய பேர் பனி கொட்டற ஊர்க்காரங்க, விறைச்சுப் போன எஞ்சின ஸ்டார்ட் பண்ணி உடனே மிதிக்கிறவங்க, நம்ம ஊர்ல விடியக்காலையிலயே 24 டிகிரி இருக்கு. அதனால எதைப் படிச்சாலும் எந்த எஞ்சின், எந்த வருஷம், எந்த ஊருன்னு முதல்ல பாரு, உன் காடிக்கு ஒத்து வரலன்னா மூடிட்டுப் போய்ப் படு. காலையில ஸ்டார்ட் பண்ணேன், வேலைக்குப் போனேன், திரும்பி வந்தேன்னு எவனும் உக்காந்து எழுத மாட்டான் லா.

பட்டர்வொர்த்_போமன்:

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஜெர்மன் காடிதான் செய்யறேன், அதனால கேஎல்ல நிக்கிற அந்த ஒரு காடியில என்ன பாக்கணும்னு மட்டும் சொல்றேன்.

முன் பம்பர்ல ரெண்டு பக்கமும் காத்து போற வாய் இருக்கும், குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. காஞ்ச இலை, பிளாஸ்டிக் பை, சிகரெட் துண்டு எல்லாம் ரேடியேட்டருக்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் முன்னால அடைஞ்சு, மழைத்தண்ணியில ஊறி, கறுப்பா மக்கிக் கிடக்கும். அந்த ஈரம்தான் அலுமினியத்தை அரிச்சு ஓட்டை போடுது. இதுக்குப் பயந்து யாரும் தூங்காம இருந்ததா நான் பாத்ததில்ல, ஆனா என் வொர்க்ஷாப்புக்கு வர்றதுல பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

எஞ்சின் ஆறி இருக்கும்போதே போய் நில்லுங்க, விக்கிறவர் முன்னமே சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. ஸ்டார்ட் பண்ணதும் வெள்ளைப் புகை மண்டிக்கிட்டு நிக்காம வந்தா ஆயில் செப்பரேட்டர் போயிருக்கும், அது எஞ்சின் இறக்கற செலவு இல்ல. ஸ்பார்க் பிளக் கழட்டி கேமரா விட்டு சிலிண்டர் சுவத்த பாக்கச் சொல்லுங்க, படம் எடுத்துத் தரச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இத நிறைய பேர் கேக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் போட்டா எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும். மீட்டர்ல இருக்கிற கிலோமீட்டர அந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. 60,000 கிலோமீட்டர், 2,000 மணி நேரம்னா சராசரி மணிக்கு 30 கிலோமீட்டர், கேஎல் ஜாம்ல ஓடுற காடிக்கு நம்பலாம். அதே 60,000க்கு 4,500 மணி நேரம்னு காட்டுச்சுன்னா 13தான் வருது, அங்க மீட்டர்ல யாரோ கை வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படணும்.

பிடிகேவுக்கு ரெண்டு வித ஆயில், கிளச்சுக்கு ஒண்ணு, கியருக்கு ஒண்ணு. ரெண்டும் மாத்தின ரசீது கேளுங்க. முன்னெல்லாம் உள்ள ஒரு சென்சார் போனாலே கியர்பாக்ஸையே மாத்தணும்பாங்க, இப்ப பிரிச்சு சென்சார மட்டும் மாத்தறவங்க இருக்காங்க. பஸ்பகோம் பி5 (காடி பேர் மாத்தறப்ப பண்ற செக்கிங்) பாஸ் ஆயிருச்சேன்னு மட்டும் நம்பிடாதீங்க, அவங்க சேசி நம்பர், எஞ்சின் நம்பர், பிரேக் பாப்பாங்க, சிலிண்டருக்குள்ள எட்டிப் பாக்க மாட்டாங்க.

பாக்ஸ்டர்_அக்கா:

தம்பி, நான் பங்சார்ல இருக்கேன், பாக்ஸ்டர் ஓட்டறேன். வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஆனா கணக்கப் போட்டுட்டு வாங்குங்க.

2.9ன்னா 2,893 சிசி, ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 1,862 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. இதே கேமன் எஸ் 3.4ன்னா 4,092 வெள்ளி, 3,000 சிசி தாண்டினா ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி ஏறும். அந்த வகையில நீங்க பாத்தது நல்ல காடி. இன்சூரன்ஸுக்கு உங்க பழைய காடியில 55 சதவீதம் என்சிடி (கிளைம் பண்ணாததுக்குத் தர்ற தள்ளுபடி) சேந்திருந்தா அதை இதுக்கு மாத்திக்குங்க, அப்புறம் அக்ரீட் வேல்யூ (முன்னமே பேசி வச்ச தொகை) போட்டுத் தருவாங்களான்னு கேளுங்க, இல்லன்னா காடி தொலைஞ்சா அன்னைக்கு மார்க்கெட் விலைன்னு சொல்லி அவங்க குறைச்சுடுவாங்க. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 1817ன்னா 2017ல 18வது வாரம் செஞ்சது. டயர் மேல இருக்கிற பூ (வெட்டு) தேயாம நல்லா இருந்தாலும் அந்த வயசு டயர மாத்தித்தான் ஆகணும், நாலையும் மாத்தற செலவ விலையில குறைக்கச் சொல்லுங்க. கையில இருக்கிற எல்லாத்தையும் காடி விலைக்கே குடுத்துடாதீங்க, முதல் வருஷ ரிப்பேருக்குன்னு ஒரு தொகை தனியா நிக்கணும்.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி நீங்க தேடறது பாதி எஞ்சினப் பத்தி, மீதி பாதி இவ்வளவு காச நமக்குன்னு செலவு பண்ணலாமாங்கிறது. எஞ்சினுக்கு போமன் இருக்காரு. மத்தத வீடியோ பாத்து தீக்க முடியாது, அப்பாவையும் வைஃபையும் உக்கார வச்சு இந்தக் கணக்க எழுதிக் காட்டுங்க. பெரியவர் நம்பரப் பாத்தார்னா வேற மாதிரி பேசுவார்.

பிறை_பையன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். 2010ல ஐஎம்எஸ்ஸே இல்லன்னு படிச்சதும் பெரிய பாரம் இறங்குன மாதிரி இருக்கு. அப்பாகிட்ட ரோட் டேக்ஸ் கணக்கு காட்டினேன், "டயருக்கும் சேத்து எழுது"ன்னார், பேச ஆரம்பிச்சிருக்கார். சனிக்கிழமை சுபாங்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட் வொர்க்ஷாப்ல செக்கிங் போடலாம்னு இருக்கேன். ஆனா விக்கிறவர், வேற ஆளு கேக்கறாங்க, இப்பவே 2,000 வெள்ளி புக்கிங் போடுங்கன்னு கேக்கறார். போடலாமா?

பட்டர்வொர்த்_போமன்:

போடலாம், ஆனா செக்கிங்ல எஞ்சின், கியர்பாக்ஸ், விபத்து எதுலயாவது பிரச்னை வந்தா முழுக் காசும் திருப்பித் தரணும்னு ரசீதுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, காடி நம்பரும் தேதியும் அதுல இருக்கணும். எழுதித் தர மாட்டேன்னார்னா காசு குடுக்காதீங்க. வொர்க்ஷாப்ல எடுக்கிற படங்கள எனக்கு மெசேஜ்ல அனுப்புங்க தம்பி, சனிக்கிழமை மதியத்துக்கு மேல ஃப்ரீதான், பாத்துச் சொல்றேன்.