மல்லாட்டைத் தோலையும் சாணத்தையும் கலந்து பெல்லட் ஆக்கலாமா?

குறிஞ்சிப்பாடி விவசாயி:
வணக்கம். எங்கள் ஊரில் மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் மில்லில் தோல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. என்னிடம் எட்டு மாடுகள், சாணமும் மிஞ்சுகிறது. இரண்டையும் கலந்து அழுத்திச் சிறு உருளைகளாக, அதாவது பெல்லட்டாகச் செய்து பாய்லருக்கும் வயலுக்கும் விற்க நினைக்கிறேன். சிறிய இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பாகூர் உழத்தி:
தம்பி, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எரிக்கவா, வயலுக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எரிபொருளுக்குத் தோல் மட்டும் போதும். பொடித்து, ஈரம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்படி காயவைத்து அழுத்தினால், தோலுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் தானே இறுகிக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். சாணத்தைச் சேர்த்தால் சாம்பல்தான் கூடும். பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்து புகைபோக்கி வழியாகப் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

வயலுக்கு என்றால் பச்சைச் சாணத்தை அழுத்தவே கூடாது. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். களை விதைகளும் உயிரோடு இருக்கும். பொடித்த தோலோடு அடுக்கி மட்கவிடுங்கள். குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போடுங்கள். தோல் கூடினால் மட்குவது இழுத்துக்கொண்டே போகும். சாணம் கூடினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வரும். அதுவும் தழைச்சத்து வீணாவதுதான். மட்கியதை உலர்த்தி, மணலும் ஆணியும் போகச் சலித்த பிறகே இயந்திரத்தில் போடுங்கள். பெல்லட் பிதுங்கி வரும் துளைத் தகடான டையை மணல் தின்றுவிடும். ஈரம் அதிகமானால் களியாக வழியும், குறைந்தால் தூளாக உதிரும்.

பண்ருட்டி முந்திரித் தோப்பு:
முந்திரி ஓடு மலிவாகக் கிடைக்கிறது என்று அதையும் உரக் கலவையில் சேர்த்துவிடாதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை வெந்து தோல் உரியும்.

குறிஞ்சிப்பாடி விவசாயி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. வயலுக்கே செய்கிறேன். மழைக்காலத்தில் பெல்லட்டை எப்படி வைப்பது?

பாகூர் உழத்தி:
ஐப்பசி, கார்த்திகையில் வெறும் சாக்கில் வைத்தால் ஈரம் குடித்து உப்பி உடைந்துவிடும். நன்றாக ஆறவைத்து, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் கட்டி, பலகை மேல் அடுக்குங்கள். உங்கள் சொந்த வயலுக்குப் பெல்லட் எதற்கு? மட்கிய எருவையே வண்டியில் ஏற்றிக் கொட்டுங்கள், மின்சாரச் செலவு மிச்சம். நெய்வேலி, புதுச்சேரி மாடித் தோட்டக்காரர்கள் சிறு பைகளில் வாங்குவார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் கேட்டால் மட்டும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.