எருமைக் கரு 8 செல்லோடு நின்றுவிடுகிறது, மீடியாவை மாற்றலாமா?

வேப்பேரி மாணவி:
வணக்கம். சென்னையில் கால்நடை மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். ஆய்வகத்தில் எருமைக் கரு உருவாக்குவதுதான் ஆய்வு. விடியற்காலையில் இறைச்சிக்கூடத்தில் ஓவரி வாங்கி, ஆன்டிபயாடிக் கலந்த சலைனில் போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன். ஒரு ஓவரிக்கு ஒரு நல்ல முட்டை தேறுவதே பெரும்பாடாக இருக்கிறது. கிடைத்ததை 24 மணி நேரம் முதிரவைத்து விந்தணுவோடு சேர்த்தால் ஓரளவு பிரிகிறது. ஆனால் 8 செல், 16 செல்லில் நின்றுவிடுகிறது. கருப்பையில் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கரு, அதாவது பிளாஸ்டோசிஸ்ட், அபூர்வம். கருவை வளர்க்கும் திரவத்தை, அதாவது கல்ச்சர் மீடியாவை, மாற்றிப் பார்க்கலாமா?

மாதவரம் அக்கா:
மீடியாவை அப்புறம் பார்க்கலாம் மா, முதலில் முட்டையைப் பார். கரு 8, 16 செல் வரும்வரை முட்டை தனக்குள் சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் வைத்துத்தான் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் கருவின் சொந்த மரபணுக்கள் முழுமையாக வேலையைத் தொடங்குகின்றன. அந்த இடத்தில் நிற்கிறது என்றால் முட்டையில் கையிருப்பு போதவில்லை என்று முதலில் சந்தேகப்படு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீடியாவும் அதை ஈடுகட்டாது.

எண்ணிக்கை குறைவதற்காக மனம் தளராதே. பசுவின் ஓவரியில் ஆரம்பநிலை ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டை வளரும் சிறு பைகள், லட்சத்துக்கு மேல் இருக்கும். எருமைக்கு 10,000 முதல் 20,000 வரைதான். கிடைப்பதே கொஞ்சம், அதனால் பொறுக்குவதில் கவனம் வேண்டும். 2 முதல் 8 மி.மீ. ஃபாலிக்கிளில் மட்டும் 18 கேஜ் ஊசி போடு. சிரிஞ்சை வேகமாக இழுத்தால் முட்டையைச் சுற்றியுள்ள க்யூமுலஸ் செல்கள் உரிந்துபோகும். நல்ல முட்டைக்கு அந்தச் செல்கள் பல அடுக்காக, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். நடுவில் முட்டை ஒரே சீரான கருமையோடு தெரியும். எருமை முட்டையில் கொழுப்புத் துளிகள் அதிகம், அதனால்தான் அந்தக் கருமை. புதிதாக வருகிறவர்கள் கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள், எனக்கு வயிறு எரியும்! அதே கொழுப்பால் குளிரும் அதற்கு ஆகாது. பிளாஸ்க் 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். ஐஸ் பக்கமே போகாதே.

கண்ணால் தேர்ந்தபின் பிரில்லியன்ட் கிரெசில் ப்ளூ சாயத்தில் ஒன்றரை மணி நேரம் வை. வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையில் ஜி6பிடி என்சைம் சுறுசுறுப்பாக இருந்து நிறத்தைப் போக்கிவிடும். வளர்ச்சி முடிந்த முட்டை நீலமாகவே நிற்கும். நீலத்தை எடுத்துக்கொள்.

செங்குன்றம் பண்ணை:
டாக்டரம்மா, எங்களிடம் முர்ரா எருமைகள் இருக்கின்றன. கோடையில் சினை ஊசி போட்டால் நிற்பதே இல்லை. வெயிலில் முட்டையும் கெடுமா? அப்புறம், அறுத்த மாட்டில்தான் எடுக்க வேண்டுமா, உயிரோடு இருக்கிற நல்ல கறவையில் எடுக்க முடியாதா?

மாதவரம் அக்கா:
கெடும் அண்ணா. ஃபாலிக்கிள் வளர மாதக்கணக்கில் ஆகும், அதனால் கோடையில் பட்ட சூடு வெயில் தணிந்த பிறகும் முட்டையில் தெரியும். நிழலும், உடம்பு நனையத் தண்ணீரும் கொடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எருமை இயல்பாகவே பகல் குறையும் மாதங்களில்தான் நன்றாகப் பருவத்துக்கு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே எடுக்கலாம். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்து, திரையில் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சுவார்கள். வாரம் ஒருமுறைகூட எடுக்க முடியும். இறைச்சிக்கூடத்து ஓவரி எந்த எருமையுடையது, எவ்வளவு பால் கறந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் நல்ல கறவையின் வம்சம் பெருக வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆய்வகத்தில் கருவுற்ற முதல் எருமைக் கன்று 'பிரதம்' ஹரியானாவின் கர்னாலில் 1990-இலேயே பிறந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் இது நம் ஊர்ப் பண்ணைகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வேப்பேரி மாணவி:
நன்றி அக்கா. சாயம் ஏறாத முட்டைகளை எறிந்துவிடவா? ஏற்கெனவே எண்ணிக்கை கம்மி.

மாதவரம் அக்கா:
எறியாதே. தனி டிஷ்ஷில், அதே மீடியாவில், அதே இன்குபேட்டரில் வளர்த்துப் பார். நீலம் மேலே போய், இது 8 செல்லில் நின்றால் மீடியா மேல் பழி போட வேண்டாம். இரண்டுமே நின்றால் அப்போது மீடியாவைப் பேசலாம்.