புதுப்பிப்பு: வீட்டுப் பராமரிப்பில் செவிலியர்களுக்கு ஊசி குத்துவது நின்ற விதம்

முதியோரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் எங்கள் அமைப்பில், இன்சுலின் போட்டபின் ஊசியை மூடும்போது ஒரே மாதத்தில் இரண்டு செவிலியர்களின் விரலில் குத்திவிட்டதைச் சொல்லி, இங்கே வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பயிற்சி வகுப்பு நடத்தினோம். அதனால் மட்டும் பழக்கம் மாறவில்லை. “ஊசியை மூடவே வேண்டாம், பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவைக் கட்டிலருகே வையுங்கள்” என்ற யோசனையே பலன் தந்தது. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் சொல்லும், ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவைப் பையின் அடியில் போட்டுவைக்காமல், கை எட்டும் இடத்தில் திறந்து வைத்த பிறகே இப்போது சிரிஞ்சைக் கையில் எடுக்கிறார்கள். நான்கு மாதங்களாக யாருக்கும் குத்தவில்லை.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. ஒரு வீட்டில், சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட் ஊசிகளைக் காலிப் பால் கவரில் போட்டுவைத்திருந்ததால், குப்பை எடுக்க வந்த அம்மாவின் உள்ளங்கையில் குத்தியிருந்தது. அதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. இப்போது குடும்பத்தாருக்கும் டப்பா கொடுத்து, முக்கால்வாசி நிரம்பியதும் நாங்களே எடுத்துவருகிறோம்.

தப்பித்தவறிக் குத்திவிட்டால், இரத்தத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போடத் தொடங்கிவிட்டோம்.