நல்ல லிங்க் ஏன் முகப்புக்கு வருவதில்லை?

பனைநிழல்:
வாசகர்களே லிங்க் போட்டு, வாக்களித்து முகப்புக்கு ஏற்றும் ஹேக்கர் நியூஸ், ரெடிட் போன்ற தளங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யாரோ உழைத்து எழுதிய அருமையான கட்டுரை ‘புதியவை’ பக்கத்தில் இரண்டே வாக்கோடு கீழே போய்விடுகிறது. அதே கட்டுரையை இன்னொருவர் சில நாள் கழித்துப் போட்டால் முகப்பில் நிற்கிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. தரத்தைவிட முதல் அரை மணி நேரம்தான் முடிவு செய்கிறது. தளங்கள்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

கூர்நுனி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதிப் பேர் ‘சில எண்ணங்கள்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் யார் திறப்பார்கள்?

பனைநிழல்:
அது எழுதியவர் வைத்த தலைப்பு. ஹேக்கர் நியூஸில் மூலத் தலைப்பையே போடச் சொல்கிறார்கள். லிங்க் போடுபவர் என்ன செய்வார்? கணக்கையும் பாருங்கள். ரெடிட் முன்பு வெளியிட்ட நிரலில், பதிவுகளை வரிசைப்படுத்த வாக்குகளை மடக்கையாக (லாக்) எடுத்துக்கொண்டார்கள். 1 வாக்கிலிருந்து 10க்குப் போனால் கிடைக்கும் ஏற்றமும், 10இலிருந்து 100க்குப் போனால் கிடைக்கும் ஏற்றமும் ஒன்றுதான். அந்த ஏற்றம், பதிவைப் பன்னிரண்டரை மணி நேரம் கழித்துப் போட்டால் புதியது என்பதற்காகக் கிடைக்கும் ஏற்றத்துக்குச் சமம். அப்படியென்றால் முதலில் வந்த நாலைந்து பேர் கையில்தான் எல்லாம்!

கூர்நுனி:
சரி, தொடக்கம் முக்கியம்தான். ஆனால் தரத்துக்கு வேலையே இல்லை என்பது அதிகப்படி. 2006இல் சயின்ஸ் இதழில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வைப் படியுங்கள். 48 பாட்டுகள், தனித்தனிக் குழுக்கள். தன் குழுவில் மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும். அப்படியும் மிக நல்ல பாட்டுகள் அரிதாகவே தோற்றன.

பனைநிழல்:
அதே ஆய்வில்தான், நடுத்தரப் பாட்டுகள் ஒரு குழுவில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் போயின. நாம் போடுவதில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கின்றன.

அலைவரி:
நான் செய்வது எளிது. போட்டதும் நண்பர்களுக்கு லிங்க் அனுப்பி அப்வோட் (ஆதரவு வாக்கு) கேட்பேன். தப்பா?

கூர்நுனி:
தப்புதான். இரண்டு தளங்களின் விதிகளுக்கும் எதிரானது. அதைவிட, படிக்காமல் விழுகிற ஒவ்வொரு வாக்கும் ஆள்பலம் இல்லாத இன்னொருவரின் நல்ல பதிவைக் கீழே தள்ளுகிறது. இந்தத் திரி எந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறதோ அதை நீங்களே வளர்க்கிறீர்கள்.

பனைநிழல்:
இதில் கூர்நுனியோடு முழு உடன்பாடு. ஹேக்கர் நியூஸில் ‘இரண்டாம் வாய்ப்பு’ என்று ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்ட பதிவுகளை மாடரேட்டர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அவை முகப்பின் அடிப்பகுதியில் போய் நிற்கும். பிடித்தால் ஏறும், இல்லையென்றால் இறங்கிவிடும். எல்லாத் தளங்களிலும் இது வேண்டும்.

கூர்நுனி:
அங்கேயும் பொறுக்குவது ஒரு சிலர்தானே? அவர்கள் ரசனைக்கு வெளியே இருப்பது மறுபடியும் மூழ்கும். அதற்குப் பதில் புதிய பதிவுகளில் ஒன்றிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு முகப்பில் கலக்கட்டும்.

பனைநிழல்:
குப்பையும் சேர்ந்து வருமே?

கூர்நுனி:
வரட்டும். அதைக் கீழே இறக்க வாசகர்களுக்குத் தெரியும். கண்ணிலேயே படாத ஒன்றை அவர்களால் மேலே ஏற்ற முடியாது.