மறு: இரு குழுக்களின் சிதறலை ஒப்பிடும் சோதனைக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> 'மாறுபாட்டுச் சோதனை' என்றே வைத்துவிடலாம். பழகிய சொல்தானே?

ஐயா, அது பழகிய சொல்லாக இருப்பதுதான் தடை. நான் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து லேத் ஓட்டும் தம்பிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். 'இரண்டு லேத்துகளின் மாறுபாட்டைச் சோதிக்கிறோம்' என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையின் வேலை. நம் கேள்வி வேறு: ஒவ்வொரு லேத்தின் அளவுகளும் தன் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன, அந்தச் சிதறல் இரண்டிலும் சமமா என்பது.

25 மில்லிமீட்டர் தண்டு கடையும் இரண்டு லேத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் 10 தண்டுகளை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறோம். சராசரி இரண்டிலும் 25தான். ஆனால் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதைக் காட்டும் எண்) முதலாவதில் 4 மைக்ரான், இரண்டாவதில் 9 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாவது லேத்தின் தண்டுகளில் சில பேரிங்கில் இறுகும், சில தளர்ந்து ஆடும். சராசரி இதைக் காட்டிக்கொடுக்காது. திட்ட விலக்கங்களின் வர்க்கங்களை வகுத்தால் 81/16, ஏறக்குறைய 5.06. இந்த விகிதத்தை வைத்து முடிவெடுப்பதுதான் எஃப் சோதனை. இரண்டின் சிதறலும் சமம் என்பது இன்மை கருதுகோள், அதாவது சோதிப்பதற்காக முதலில் வைத்துக்கொள்ளும் ஊகம். 5 விழுக்காட்டு மட்டத்தில் (சமமாக இருந்தும் தவறாக மறுக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு), எந்த லேத் அதிகம் சிதறினாலும் கணக்கில் கொள்ளும் இருபக்கச் சோதனையில், இந்த அளவு மாதிரிக்கு எல்லை 4.03. விகிதம் அதைத் தாண்டிவிட்டதால் கருதுகோளை மறுக்கிறோம்.

'பரவல்' என்று எழுதிய அம்மையாருக்கு: பாடநூலில் 'பரவல் அளவைகள்' இருப்பது உண்மை. ஆனால் 'இயல்நிலைப் பரவல்', 'நிகழ்தகவுப் பரவல்' என்று அதே சொல், எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்ற அமைப்பைக் குறிக்கும் முற்றிலும் வேறொரு கருத்துக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 'இயல்நிலைப் பரவலின் பரவல்' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

என் பரிந்துரை சிதறல் ஒப்புச் சோதனை. சிதறுகாய் உடைத்தால் ஓர் இடத்தைச் சுற்றிச் சில்லுகள் அருகிலும் தொலைவிலுமாகத் தெறிக்கின்றன. மையம் ஒன்று, விலகல் பல என்ற கருத்து சொல்லிலேயே இருக்கிறது. 1905இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், சிதறல் சமமாக இருப்பதைக் குறிக்கும் 'ஹோமோசெடாஸ்டிக்' என்ற சொல்லை ஆக்கியபோது எடுத்த கிரேக்க வேருக்கும் சிதறுதல் என்றுதான் பொருள். இயற்பியலின் 'ஒளிச்சிதறலோடு' மோதுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். துறை வேறு, ராமன் விளைவையும் லேத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

'விலக்க வர்க்கச் சராசரி ஒப்பீடு' என்று நீட்டி எழுதலாம் என்பவர்களுக்கு மட்டும் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டும். 'விலக்க வர்க்கச் சராசரி' என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம், ஓர் அளவையின் பெயர். கணக்கிடும் முறையையே சொல்லிவிடும் நல்ல பெயர், அந்த அளவைக்கு அது அப்படியே இருக்கட்டும். ஆனால் எல்லாச் சோதனைகளும் அந்த அளவையைக் கொண்டு நடப்பதில்லை. மேலே காட்டிய எஃப் சோதனை, தரவு இயல்நிலைப் பரவலில் (சராசரியருகே மிகுந்து இருபுறமும் சமச்சீராகக் குறையும் மணி வடிவ அமைப்பில்) இருக்கும் என்று நம்புகிறது. கடைசல் உளியின் முனை மழுங்கி நாலைந்து தண்டுகளின் அளவு எங்கோ போய்விட்டால், சிதறல் சமமாக இருக்கும்போதும் வேறு என்று சொல்லிவிடக்கூடும். புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1953இலேயே இந்தக் குறையை எடுத்துக்காட்டினார். 1960இல் லெவீன் வேறு வழி சொன்னார்: ஒவ்வோர் அளவும் தன் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறி நீக்கிக் கணக்கிட்டு, அந்த விலக்கங்களின் சராசரிகளை ஒப்பிடுவது. இதில் விலக்கத்தை வர்க்கப்படுத்தி அளப்பதே இல்லை. 1974இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) வைத்தார்கள்; ஒரு பக்கமாக நீண்டு கோணலான தரவுக்கு அது இன்னும் உறுதியானது. இவை அனைத்துக்கும் பொதுவான பெயர் அளவையைச் சுட்டக்கூடாது, பண்பைச் சுட்ட வேண்டும். 'எஃப் சோதனை' என்பதும் பொதுப்பெயராகாது; பல சராசரிகளை ஒப்பிடும் இடத்திலும் அதே பெயர் வருகிறது.

சிதறல் என்று வைத்தால் சமச்சிதறல், சமமில்சிதறல், சிதறல் விகிதம் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

இலங்கைப் பாடநூல்களில் திட்ட விலக்கத்தை 'நியம விலகல்' என்கிறார்கள். சிதறலுக்கு அங்கே வகுப்பில் வழங்கும் சொல் எது என்று அங்குள்ள நண்பர்கள் எழுதினால், நம் சொற்பட்டியலில் இரண்டையும் அருகருகே சேர்த்துவிடலாம்.