பிளாக் கீஸ்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
'எல் கமினோ' ஆல்பம் கேட்டு, அமெரிக்க ராக் இரட்டையரான பிளாக் கீஸின் ரசிகனானேன். ஆனால் அவர்களின் உயிர் ஆரம்பகால ஆல்பங்களில்தான் இருக்கிறது என்று சில விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எதை முதலில் கேட்கலாம்?

பதில் 1:
'ரப்பர் ஃபேக்டரி' (2004). சொந்த ஊரான ஒஹாயோவின் ஆக்ரனில், கைவிடப்பட்ட டயர் தொழிற்சாலைக்குள் பதிவு செய்தார்கள். டேன் ஆயர்பாக்கின் கிட்டார், பேட்ரிக் கார்னியின் டிரம்ஸ், அவ்வளவுதான். இரண்டே பேர் என்பதால் அப்போது எல்லோரும் இன்னொரு இருவர் ராக் குழுவான ஒயிட் ஸ்ட்ரைப்ஸோடு ஒப்பிட்டார்கள். அது எனக்கு ஒப்பவே இல்லை. இவர்களின் வேர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸின் மிசிசிப்பி மலைநாட்டு வகையில் இருக்கிறது. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அதிகம் மாறாது, ஒரே தாளம் சுழன்று சுழன்று ஆளை இழுக்கும். அப்புறம் 'சுலஹோமா' (2006) கேளுங்கள். முழுக்க அந்த மலைநாட்டு புளூஸ் கலைஞர் ஜூனியர் கிம்ப்ரோவின் பாடல்கள். கடைசியில் அவருடைய மனைவி தொலைபேசியில் விட்ட பாராட்டுச் செய்தி வரும். எந்த விமர்சகரின் நட்சத்திரமும் அதற்கு ஈடாகாது.

பதில் 2:
ஆரம்பகாலம் சரி, அதற்காகப் பின்னால் வந்ததை ஒதுக்காதீர்கள். 'பிரதர்ஸ்' (2010) பெரும்பகுதி அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவானது. சோல் இசையின் வெதுவெதுப்பு அதில் ஊறியிருக்கிறது. சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி அதற்குத்தான் கிடைத்தது.

கேள்வி கேட்டவர்:
'சுலஹோமா' ஓடிக்கொண்டிருக்கிறது. கிட்டாரின் கரகரப்பு அபாரம்! இதேபோல் வேறு உண்டா?

பதில் 1:
'டெல்டா கிரீம்' (2021). அதே மலைநாட்டுப் பாடல்கள், கிட்டாரில் மலைநாட்டு புளூஸ் கலைஞர் கென்னி பிரவுனும் சேர்ந்துகொள்கிறார்.