பூசையில 'அல்லா'ங்கிறாங்க! மால்டாவுல இருந்தவங்க யாராவது விளக்குங்களேன்

மணப்பாட்டுப் பொண்ணு:

என் தம்பி போன மாசம்தான் ஐரோப்பாவுல இருக்கிற மால்டாங்கிற தீவு நாட்டுக்கு வேலைக்குப் போனான், ஓட்டல் கிச்சன்ல. ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப் வீடியோவுல கோயிலைக் காட்டினான். மாதா சுரூபம், மெழுகுதிரி, சாம்பிராணி எல்லாம் நம்ம ஊரு மாதிரியே இருக்கு. ஆனா சாமியார் வாயைத் திறந்தா நடுநடுவே "அல்லா, அல்லா"ன்னு வருது. அம்மா பயந்துட்டாங்க. கத்தோலிக்க நாடுன்னுதானே ஏஜென்ட் சொன்னாரு? இது என்ன கதை?

பழைய ஃபிட்டர்:

அம்மாகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க தங்கச்சி. தம்பி போனது சரியான கோயில்தான்.

நான் நாலு வருஷம் அங்க கப்பல் ரிப்பேர் வேலையில இருந்தேன். பொர்ம்லாங்கிற ஊர்ல, துறைமுகத்தை ஒட்டி ஒரு வீட்டு மாடியில ரூம். முதல் வாரம் எனக்கும் இதே குழப்பம். மால்ட்டிப் பேச்சுல கடவுளுக்குப் பேரே அல்லாதான். ஆண்டவர்னு சொல்ல 'முலெய்'. அதுவும் அரபுல இருந்து வந்ததுதான். தவக்காலத்துக்கு என்ன பேரு தெரியுமா? 'ரந்தான்'. ஆமா, ரமலானேதான். ஈஸ்டருக்குச் சொல்றதும் பாய்மார் சொல்ற ஈத்ங்கிற அதே வார்த்தை. வெள்ளிக்கிழமைக்கு 'ஜிம்ஆ'. நாப்பது நாள் ஒருசந்தி நோன்பிருந்து சிலுவைப்பாதை போற சனம் இதையெல்லாம் சொல்றதைக் கேட்கணும், அவ்வளவு அழகு.

காரணம் இதுதான். 870-ல அரபுக்காரங்க தீவைப் பிடிச்சாங்க. 1091-ல சிசிலியில இருந்து ரோஜர்ங்கிற கிறிஸ்தவப் பிரபு படையோட வந்தாரு. ஆனா உடனே யாரையும் விரட்டல. முஸ்லிம்களை வெளியேத்தினது 13-ஆம் நூற்றாண்டுல. அவங்க மதம் போச்சு, பேச்சு மட்டும் சனங்க வாயில தங்கிடுச்சு. அதுக்கப்புறம் யார் யார் ஆண்டாங்களோ அவங்கவங்க வார்த்தை மேல மேல ஏறிக்கிட்டே வந்துச்சு. அடுப்படியில நின்னு கவனிச்சா நல்லாப் புரியும். ரொட்டி 'ஹொப்ஸ்', இறைச்சி 'லஹம்', மீன் 'ஹூத்', எல்லாம் அரபு. அதைக் குத்தித் தின்ன முள்கரண்டி வந்ததும் 'ஃபுர்கெட்டா', இத்தாலி! அகராதியை எண்ணிப் பார்த்தா ஏறக்குறைய பாதி இத்தாலி, சிசிலி வார்த்தைதானாம். ஆனா வாக்கியத்தைக் கட்டுற கட்டு அரபுதான்.

இன்னொண்ணு. வேளாங்கண்ணித் திருநாள் செப்டம்பர் 8 இருக்குல்ல? அன்னைக்கு அங்கயும் மாதா பொறந்தநாள், அரசாங்க லீவு. கூடவே வெற்றி விழா. 1530-ல ஸ்பெயின் ராஜா அஞ்சாம் சார்லஸ் இந்தத் தீவைப் புனித யோவான் சபை வீரர்கள் கையில குடுத்தாரு. குத்தகை எவ்வளவுங்கிறீங்க? வருஷத்துக்கு ஒரு வல்லூறு! 1565-ல துருக்கிக்காரன் பெரும்படையோட வந்து மே மாசத்துல இருந்து முற்றுகை போட்டான். செயின்ட் எல்மோ கோட்டை ஒரு மாசம் தாக்குப்பிடிச்சு விழுந்துச்சு. ஆனா மத்த கோட்டைகளைப் பிடிக்க முடியாம செப்டம்பர்ல கப்பல் ஏறிட்டான். எனக்கு இதுல ஒரு யோசனை ஓடும். சுவருக்கு வெளியே நின்னவனும் அல்லாவைத்தான் கூப்பிட்டிருப்பான், உள்ளே நின்ன மால்டாக்காரக் கிறிஸ்தவனும் அதே அல்லாவைத்தான் கூப்பிட்டிருப்பான்.

கீழக்கரை வாசகன்:

ஃபிட்டர் அண்ணன் சொன்னது சரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது. எங்கள் பாட்டிமார் அரபுத்தமிழ் படித்தவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள், 'ப', 'ட' போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துத் தனி எழுத்துகள் உண்டு. மால்டாவில் இதே வேலை தலைகீழாக நடந்திருக்கிறது. அரபிலிருந்து பிறந்த பேச்சை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். 'எக்ஸ்' எழுத்தைப் பார்த்தால் 'ஷ்' என்று வாசிக்க வேண்டும். 2004-இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இதுவும் அதன் ஆட்சிமொழிகளில் ஒன்றாகிவிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள ஒரே செமிட்டிக் மொழி (அரபு, எபிரேயம் இவற்றின் குடும்பம்) இதுதான்.

தம்பி பக்கத்துத் தீவான கோசோவுக்குப் போனால் கோட்டைக்குள் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் மைமூனா கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். 1174-இல் இறந்துபோன ஒரு பெண்ணின் மீசான் கல், அதாவது கல்லறைக் கல் அது. பழைய ரோமானியச் சலவைக்கல்லைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ரோஜர் வந்து 80 வருஷம் கழித்தும் அங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

நாசரேத் ஆசிரியர்:

அம்மாவிடம் பைபிளை எடுத்து, பவுல் கப்பற்சேதத்தில் கரையேறிய இடத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பயமெல்லாம் போய்விடும். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'மெலித்தா' என்று வரும் தீவு இதுதான். விறகோடு வந்த பாம்பு கையைக் கவ்வியும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, அந்த இடம். பிப்ரவரி 10 அங்கே கப்பற்சேதத் திருநாள்.

மணப்பாட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். வேளாங்கண்ணித் தேதியைக் கேட்டதும் முகமே மாறிடுச்சு. தம்பி இப்ப வேற ஒண்ணு கேக்கச் சொல்றான். அவன் வீட்டுக்காரம்மா அவனை 'அல்பி, அல்பி'ன்னே கூப்பிடுறாங்களாம். வாடகையில 20 யூரோ குறைக்கச் சொல்லிக் கேட்டானாம், அதுக்குத்தான் திட்டுறாங்களோன்னு நினைக்கிறான்.

பழைய ஃபிட்டர்:

ஹா ஹா, என் கதையேதான்! எங்க வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான். கண்ணாடி கிளாஸ்ல டின் பால் ஊத்தின டீயும், பட்டாணி வெச்ச பஸ்டிட்சியும் கையில குடுத்துட்டு 'அல்பி'ம்பாங்க. இவ்வளவு நல்லா கவனிச்சுட்டு ஏன் நம்மளை அல்பம்னு சொல்லுதுன்னு ஆறு மாசம் மனசுக்குள்ள குமைஞ்சேன். பட்டறையில கூட இருந்த ஒருத்தன்தான் விளக்கிச் சொன்னான். அது 'கல்பி'. அரபுல 'என் இதயமே'ன்னு அர்த்தம். முதல் எழுத்தை இவங்க தொண்டையிலயே முழுங்கிடுவாங்க, நம்ம காதுக்கு 'அல்பி'ன்னு விழும். நம்ம ஊரு 'கண்ணு', 'ராசா' மாதிரி வெச்சுக்கோங்க.

வாடகையை இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க, குறைச்சாலும் குறைப்பாங்க.